திட்டமிடாத தேடல்: வரலாற்றுப் புனைவு எழுதுவோரும் தூண்டில் போடுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வரலாற்றுப் புனைகதை எழுதுவதும் தூண்டில் போடுவதும் என் வாழ்வில் நெடுங்காலமாக ஒன்றாகவே நடந்து வருகின்றன. இரண்டிலும் நான் கைவிடாத வழக்கம் ஒன்று உண்டு: வேலையின் நடுவே ஒரு சந்தேகம் முளைத்தால், அதை அலட்சியமாகத் தாண்டிப் போகாமல் அடிவரை துருவிப் பார்த்துவிடுவது. இந்த வழக்கத்தைப் பற்றி எழுத்தாள நண்பர்களும் தூண்டில் நண்பர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

திட்டமிடாத தேடல் என்று எதைச் சொல்கிறீர்கள்? இணையத்தில் மணிக்கணக்கில் மேய்வதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. மேய்கிறவருக்குக் கேள்வி இல்லை. அடுத்தடுத்துக் கண்ணில் படுவதுதான் அவரை இழுத்துச் செல்கிறது. நான் சொல்லும் தேடலில் கேள்வி முதலில் வருகிறது, அதுவும் செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்தே வருகிறது. "அவள் விளக்கை ஏற்றினாள்" என்று எழுதிவிட்டு, 1700ஆம் ஆண்டில் எதைக் கொண்டு ஏற்றியிருப்பாள் என்று கை நிற்கிறது. அல்லது காலையில் கடித்த மீன் நண்பகலில் ஏன் கடிக்கவில்லை என்று கரையில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது. முன்கூட்டித் திட்டமிடாதது என்பதால்தான் அந்தப் பெயரே தவிர, அதில் ஒழுங்கு இல்லை என்பதால் அல்ல.

எழுதத் தொடங்கும் முன்பே அந்தக் காலத்தைப் பற்றி எல்லாவற்றையும் படித்துவிட்டால் இந்தத் தேடலே தேவைப்படாதே?

முன்கூட்டிய படிப்பு கட்டாயம் வேண்டும். யார் ஆண்டார்கள், எந்தப் போர் எப்போது நடந்தது, மக்கள் எதை உடுத்தினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதெல்லாம் தெரியாமல் முதல் பக்கத்தைக்கூட எழுத முடியாது. ஆனால் நூல்களை எழுதிய வரலாற்றாசிரியர்கள் தங்கள் கேள்விகளுக்குத்தான் விடை தேடினார்கள். உங்கள் கதாபாத்திரம் இருட்டில் படிக்கட்டில் இறங்கும்போது அவன் கையில் என்ன இருந்தது என்பது அவர்களின் கேள்வி அல்ல. காட்சி கண்முன் விரிந்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது. எனவே எவ்வளவு படித்திருந்தாலும் எழுதும்போது புதிய கேள்விகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். ஒன்றுகூட முளைக்கவில்லை என்றால் காட்சியைப் போதுமான அளவு நெருங்கிப் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சந்தேகம் வந்த உடனே எழுத்தை நிறுத்திவிட்டுத் தேடப் போக வேண்டுமா, அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போகலாமா?

கேள்வியின் விடை அடுத்து நடக்கப்போவதை மாற்றக்கூடுமா என்று பாருங்கள். மாற்றாது என்றால், ஓரத்தில் ஒரு குறியிட்டு மேலே எழுதுங்கள். பொத்தான் கொம்பாலா எலும்பாலா என்பது மறுநாள் வரை காத்திருக்கும். மாற்றும் என்றால் உடனே போக வேண்டும், ஏனெனில் தவறான அடித்தளத்தின் மேல் எழுதிய பத்துப் பக்கங்களைக் கிழித்தெறிய யாருக்கும் மனம் வராது. மனம் வராததால் அந்தத் தவறை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவோம்.

ஒரு சின்னத் தகவல் கதையின் போக்கையே மாற்றும் என்கிறீர்கள். கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். கரையோரக் கோட்டை ஒன்றிலிருந்து ஒரு கைதி தப்பிக்கிறான்; மணலில் ஏற்றிவைத்திருக்கும் படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எழுதுகிறவர், அழகுக்காக, "நள்ளிரவில் மூன்றாம் பிறை உச்சிவானில் நின்றது" என்று எழுதிவிடுகிறார். மூன்றாம் பிறை சூரியன் மறைந்த சில மணி நேரத்திலேயே மேற்கில் தானும் மறைந்துவிடும். நள்ளிரவில் அது வானத்திலேயே இருக்காது. இதைத் தேடித் தெரிந்துகொண்டதும், சரி, வளர்பிறையின் எட்டாம் நாளாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அன்று அரை நிலவு ஏறக்குறைய நள்ளிரவில் மறையும். அதுவரை காவலர்களுக்கு வெளிச்சம். அதன் பிறகு கைதிக்கு இருட்டு. காட்சிக்கு இப்போதே ஓர் இறுக்கம் வந்துவிட்டது, ஏனெனில் அவன் நிலவு மறையக் காத்திருக்க வேண்டும்.

தேடலை அங்கே நிறுத்தாமல் இன்னும் ஒரு படி போனால், கடல் குறுக்கே வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். அரை நிலவை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் குறைந்துவிடும். அமாவாசையன்று ஏறிய நீரில் உயரமாக ஒதுக்கிவைத்த படகை, எட்டாம் பிறையன்று வரும் நீர் தொடவே தொடாது. அவனுக்கு இருட்டு கிடைத்திருக்கிறது, ஆனால் நீர் கிடைக்கவில்லை. இருட்டும் நீரும் சேர்ந்து கிடைக்கும் இரவு அமாவாசை. அந்த இரவில்தான் கைதிகள் தப்புவார்கள் என்பது, கரையிலேயே வளர்ந்த காவல் தலைவனுக்கும் தெரியும். அவன் அன்று காவலை இரட்டிப்பாக்குவான். ஆகவே கைதி என்ன செய்வான்? இந்தக் கேள்வியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஒரு பிறையைச் சரிபார்க்கப் போனதன் பலன் அது.

எந்த மாதிரி விவரங்களில் தவறு அதிகமாக நேர்கிறது?

பெரிய நிகழ்ச்சிகளில் அல்ல, அன்றாடப் பொருள்களில்தான். அரசர்களின் ஆண்டுகளை எல்லோரும் சரிபார்த்துவிடுகிறார்கள். தட்டில் என்ன இருந்தது என்பதைப் பார்ப்பதில்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், அன்னாசி, முந்திரி, புகையிலை ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. 1492இல் கொலம்பஸ் அங்கே சென்றதற்குப் பிறகே உலகின் பிற பகுதிகளுக்குப் பரவின. அதற்கு முந்தைய கதையில், ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ யாரும் மிளகாயின் காரத்தில் கண் கலங்க முடியாது. மேலே கேட்ட விளக்கும் அப்படித்தான். உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் என்ற இங்கிலாந்து மருந்து வணிகர் விற்கத் தொடங்கியது 1827இல். அதற்கு முன் சிக்கிமுக்கிக் கல்லையும் இரும்பையும் தட்டி, பொறியை உலர்ந்த பஞ்சு போன்ற எதிலாவது பிடித்து, ஊதி வளர்க்க வேண்டும், அல்லது அணையாமல் காத்த கங்கிலிருந்து எடுக்க வேண்டும். இருட்டில் சத்தம் கேட்டு எழுந்தவள் நொடியில் விளக்கை ஏற்றி எதிரியின் முகத்தைப் பார்த்துவிட முடியாது. அந்தத் தாமதமே பயத்தை வளர்க்கும்.

நாள்காட்டி இன்னொரு பள்ளம். கத்தோலிக்க நாடுகள் சில 1582இல் புதிய கிரிகோரியன் முறைக்கு மாறியபோது அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. பிரிட்டன் மாறியதோ 1752இல்தான். அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இதனால் 17ஆம் நூற்றாண்டில் பாரிஸும் லண்டனும் பத்து நாள் இடைவெளியில் வாழ்ந்தன. பாரிஸில் ஜூன் 12 என்று தேதியிட்டு எழுதிய கடிதம் ஐந்து நாளில் லண்டன் போய்ச் சேர்ந்தால், அங்கே அன்று ஜூன் 7. இதை அறியாதவருக்கு இது பிழை. அறிந்தவருக்கு, பொய்க் கடிதம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் காட்சி.

மீன் பிடிப்பதே மனம் ஓய்வதற்காக. அதிலும் ஆராய்ச்சியைக் கொண்டுவந்து ஏன் கெடுக்க வேண்டும்?

கெடுக்காது என்பதே என் அனுபவம். கரையில் காத்திருக்கும் நேரம் நீளமானது. மனம் ஓய்ந்தால்தான் நல்ல கேள்விகளும் வரும். நீங்கள் ஓய்வாக இருக்கும்போது தோன்றும் கேள்வியை அங்கேயே தீர்க்கச் சொல்லவில்லை, மறந்துவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். நண்பகலில் மீன் ஏன் கடிக்கவில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் கூடக் கூட நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது: 0 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அதில் ஏறத்தாழ பாதிதான். வெப்பம் ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, கிடைப்பதோ குறைகிறது. அது நிழலையோ ஆழத்தையோ, கல்லில் மோதி நுரைத்து ஓடும் நீரையோ தேடிப் போகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் அடுத்த முறை ஆற்றைப் பார்க்கும்போது அது வெறும் நீர்ப்பரப்பாகத் தெரிவதில்லை; எங்கே நுரைக்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே ஒரு மரம் சாய்ந்து நிழல் தருகிறது என்று கண் தானாகவே பார்க்கத் தொடங்குகிறது.

சரி, தேடித் தெரிந்துகொண்டால் மீன் அதிகம் கிடைக்குமா?

சில நேரம் கிடைக்கும், வாக்குறுதி தர முடியாது. உறுதியாகப் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே, ஏறக்குறைய 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. கரையில் நிமிர்ந்து நிற்பவர் அந்த வட்டத்தின் விளிம்பில் தெளிவாக எழுவார். குனிந்தோ சற்றுப் பின்தள்ளியோ உட்கார்ந்தால் விளிம்பில் நசுங்கிய ஒரு கீற்றாகிவிடுவார். தெளிந்த நீரில் உட்கார்ந்து தூண்டில் போடுவதன் காரணம் இதுதான்.

தேடல் சில நம்பிக்கைகளைக் குலைக்கவும் செய்யும். காற்றழுத்தம் குறைந்தால் அந்த அழுத்த மாற்றத்தை உணர்ந்தே மீன் கடிக்காமல் போகும் என்று பலரும் சொல்கிறார்கள். 10 ஹெக்டாபாஸ்கல் அளவுக்கு அழுத்தம் மாறுவது வானிலையில் பெரிய மாற்றம். நீருக்குள் அதன் அளவு, மீன் 10 சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ நீந்தினால் உணரும் மாற்றத்துக்குத்தான் சமம். அழுத்தம் குறையும்போது கூடவே மேகம், காற்று, ஒளி எல்லாம் மாறுகின்றன. காரணம் அவற்றில் இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அழுத்தத்தையே குற்றம் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கையாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

எழுத்தும் தூண்டிலும் எங்கே சந்திக்கின்றன? இரண்டும் தனித்தனி ஆர்வங்கள் இல்லையா?

இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி கிடைத்திருக்கிறது. நைலான் நரம்பு சிக்கி அறுந்த ஒரு நாளில், நைலான் வருவதற்கு முன் எதைக் கட்டினார்கள் என்று தேடத் தொடங்கினேன். நைலான் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது 1938இல். அதற்கு முன் பட்டு நூல். ஐரோப்பாவில் அதற்கும் முன்பிருந்தே குதிரை வால்மயிர். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் கையேடு ஒன்று, எந்த மீனுக்கு எத்தனை மயிர் சேர்த்துத் திரிக்க வேண்டும், நீரின் நிறத்துக்கேற்ப மயிருக்கு எப்படிச் சாயம் ஏற்ற வேண்டும் என்றெல்லாம் கற்றுத் தருகிறது. இன்னும் பின்னால் போனால், ஏறக்குறைய கி.பி. 200இல் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிப் பூச்சியைப் போலக் காட்டி மீன் பிடித்ததை விவரிக்கிறார்: ஆறடிக் கோல், அதே நீளத்துக்கு நூல். ஜப்பானின் ஒகினாவாத் தீவிலுள்ள சகிதாரிக் குகையில் கிடைத்த, கடல் நத்தை ஓட்டில் செதுக்கிய தூண்டில் முட்கள் சுமார் 23,000 ஆண்டுகள் பழமையானவை.

இதில் எழுத்துக்குப் பயன்பட்டது எது? கோலும் நூலும் ஒரே நீளம் என்ற அந்தச் சிறு விவரம். நூலைச் சுற்றி வைத்து வேண்டும்போது விட்டுக் கொடுக்க உதவும் ரீல் இல்லாத காலத்தில், நூலைக் கோலின் நுனியில் கட்டியிருந்தார்கள். பெரிய மீன் பிடித்திழுத்தால் நூலை விட்டுக் கொடுக்க வழியில்லை. மயிர் அறும், இல்லையென்றால் கோல் ஒடியும். ஆகவே 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கோலையே தண்ணீரில் எறிந்துவிட்டு, மீன் களைத்த பிறகு போய் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கையிலிருக்கும் ஒரே கோலை ஆற்றில் எறிந்துவிட்டு, அது சுழன்று சுழன்று நீரில் போவதைப் பார்த்தபடியே கரையோரமாக ஓடும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். அவன் எங்கே போய்ச் சேர்வான், அங்கே எதைக் காண்பான் என்று எழுதத் தோன்றாத கதாசிரியர் இருப்பாரா?

பழைய ஓவியத்தையும் கவிதையையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? அவை கற்பனைதானே?

எதற்குச் சான்று என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம். சீன ஓவியர் மா யுவான் சுமார் 1195இல் வரைந்த ஓவியத்தில், படகில் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் கோலில் ரீல் தெளிவாகத் தெரிகிறது. அக்காலச் சீனாவில் ரீல் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அது சான்று. எல்லோரும் அதை வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று அல்ல. ஓவியர்கள் பழங்காலக் காட்சிகளுக்குத் தம் காலத்து உடையை மாட்டிவிடுவதும் வழக்கம். விவிலியக் காட்சிகளை வரைந்த மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த ஓவியங்கள் வரைந்தவரின் காலத்தைத்தான் காட்டுகின்றன.

கவிதையில் நான் அதிகம் நம்புவது உவமையை. குறுந்தொகையின் 54ஆம் பாடலில், யானை வளைத்துத் தின்றுகொண்டிருந்த மூங்கில், கவண் ஒலிக்கு அஞ்சி அது பிடியை விட்டதும் சட்டென்று மேலெழுவதை, மீன் சிக்கியதும் மேலெழும் தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார் புலவர். அந்த உவமையின் தொடரைக் கொண்டே அவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் வழங்குகிறது. கேட்பவர்களுக்குத் தெரியாத பொருளை யாரும் உவமையாக்க மாட்டார்கள். ஆகவே வளைந்து நிமிரும் கோலைக் கொண்டு மீன் பிடிப்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தார்கள் என்று துணிந்து எழுதலாம்.

இணையத்தில் ஒரே தகவல் நான்கைந்து பக்கங்களில் இருந்தால் அதை நம்பிவிடலாமா?

ஒன்றிலிருந்து மற்றவை நகலெடுக்கப்பட்டிருந்தால் அவை எல்லாம் சேர்ந்து ஒரே சாட்சிதான். சொற்றொடர்கள் ஒத்துப்போகின்றனவா, தவறுகள்கூட ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு, இதைச் சொன்னவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று கேளுங்கள். கப்பல் தலைவர் அன்றன்று எழுதிய குறிப்பேட்டில் இருக்கும் காற்றின் திசையும், பிறர் நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய வர்ணனையும் ஒரே எடை கொண்டவை அல்ல. சாதாரண மக்களின் கையில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால் கணக்கேடுகளும் நீதிமன்ற வாக்குமூலங்களும் போல வேறெதுவும் உதவாது. களவு போன போர்வையின் நிறத்தை அங்கேதான் சொல்வார்கள்.

கண்டுபிடித்ததை எல்லாம் கதைக்குள் வைக்க ஆசையாக இருக்கிறது. எவ்வளவு வைப்பது?

மிகக் கொஞ்சம். கைதியின் கதையில் கடலேற்றத்தின் காரணத்தை விளக்கத் தேவையில்லை. நீர் படகைத் தொடாமல் திரும்பிப் போவதை அவன் பார்த்தால் போதும். கதாபாத்திரத்துக்கு அன்றாடமாக இருப்பதை அவன் கவனித்துப் பேச மாட்டான், அதில் இடறும்போதுதான் கவனிப்பான். எஞ்சியது வீணாவதில்லை. எழுதுபவருக்கு அது தெரிந்திருப்பது வாக்கியங்களின் உறுதியில் தெரியும்.

தேடத் தொடங்கினால் எழுத்தே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு தேடப் போங்கள். விடை கிடைத்ததும் அதற்கடியில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். வழியில் கண்ணில் பட்ட வேறு சுவையான செய்திகளுக்கு ஒரு வரி மட்டும், எங்கே பார்த்தீர்கள் என்பதோடு, குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை வரிகள்தாம் அடுத்த கதைக்கு விதையாகின்றன. தூண்டில் போடுவோருக்கும் இதே முறைதான்: தேதி, நீரின் நிலை, பிறை, வானம், கடித்த இரை, எழுந்த கேள்வி. கேள்வியை எழுதாமல் மீனின் எடையை மட்டும் எழுதிவைத்த குறிப்பேடு பின்னால் எதற்கும் உதவுவதில்லை.

பாதி நாவலுக்கு மேல் எழுதியபின் கிடைத்த ஓர் உண்மை, முக்கியமான காட்சியையே உடைத்துவிட்டால்?

முதலில், அந்த உண்மை எவ்வளவு உறுதியானது என்று மேலே சொன்ன முறையில் சோதியுங்கள். உறுதி என்றால், காட்சியைக் காப்பாற்ற உண்மையை வளைப்பதற்கு முன், உண்மையை ஏற்றுக்கொண்டால் கதாபாத்திரம் என்ன செய்வான் என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் புதிய காட்சி மேலானதாக இருக்கும், ஏனெனில் தடை கூடியிருக்கிறது. கோடைகால விருந்து ஒன்றை 1816இல் மேற்கு ஐரோப்பாவில் வைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அந்த ஆண்டு அங்கே கோடை குளிர்ந்து, மழை ஓயாமல் பெய்து, பயிர் அழிந்தது. தோட்டத்தில் வைத்த விருந்து உள்ளே போக வேண்டும்; விருந்தினர் நாள்கணக்கில் ஒரே கூரையின் கீழ் அடைபட வேண்டும்; வெளியே ரொட்டியின் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளே விருந்து நடக்கிறது என்பது வேலையாட்களின் முகத்தில் தெரிய வேண்டும்.

அப்படியும் பழைய காட்சிதான் வேண்டும் என்று தோன்றினால் ஆண்டை மாற்றுங்கள், அல்லது பின்னுரையில் மாற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள். வாசகருக்குச் சொல்லிவிட்டுச் செய்யும் மாற்றம் வேறு, அறியாமையால் நேரும் பிழை வேறு.

எவ்வளவு தேடியும் பதிவே கிடைக்கவில்லை என்றால் கற்பனை செய்துகொள்ளலாமா?

புனைகதையின் இடமே அதுதான். ஆனால் பதிவு இல்லாத இடத்துக்கும் எல்லைகள் உண்டு. அந்த எல்லைகளைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஒரு கரையோரச் சிற்றூரில் அன்று எந்த மீன் கிடைத்தது என்று யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அகழாய்வில் கிடைக்கும் மீன் எலும்புகளும், மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கற்களும் அங்கே எந்த இனம் உண்ணப்பட்டது என்று காட்டும். அந்தக் கற்களில் மரத்தில் போலவே வளர்ச்சி வளையங்கள் இருப்பதால் மீனின் வயதையும், சில வேளைகளில் பிடிபட்ட பருவத்தையும்கூடக் கணிக்க முடிகிறது. அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், இரவு எவ்வளவு நீளம், நிலவு எந்நேரத்தில் எழும் என்பதெல்லாம் கணக்கிடக்கூடியவை. இவ்வளவையும் வைத்த பிறகு, வலையை இழுத்தவளின் பெயரையும் அவள் அன்று யார்மேல் கோபமாக இருந்தாள் என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.